ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்னா உண்மையில என்ன வேலை? நம்ம ராம்நாடு பக்கம் இருந்து போனவங்க சொல்லுங்களேன்

தேவிபட்டினம்_பையன்:
வணக்கம் அண்ணன்மாரே அக்காமாரே. நான் பிஇ சிவில் மூணாவது வருசம், நம்ம மாவட்டத்துலயே ஒரு காலேஜ். ஸ்ட்ரக்சுரல் பேப்பர் மட்டும்தான் பிடிச்சுப் படிக்கிறேன், மத்ததெல்லாம் பாஸ் ஆனா போதும். ஆனா இந்த வேலைக்குப் போனவங்க காலைல ஆபீஸ் போயி என்னதான் செய்வாங்கன்னே எனக்கு தெரியல, காலேஜ்ல கேட்டா டிசைன் பண்ணுவாங்கப்பாங்கறாங்க அதோட முடிஞ்சுது. மாமா சவுதில தம்மாம்ல இருக்காரு, முடிச்ச கையோட சைட் வேலைக்கு விசா எடுத்துறலாம்ங்கறாரு. அம்மா கவர்ன்மென்ட் எக்ஸாம் எழுதுங்கறாங்க. மதுரைல ஒரு சென்டர்ல சாப்ட்வேர் கோர்ஸ் மூணு மாசம் 40 ஆயிரம்ங்கறான், அதுல சேரலாமா? எம்இ வேணுமா வேணாமா? நீளமா எழுதுனாலும் முழுசா படிப்பேன்.

ஐடிமச்சான்:
தம்பி ஓடிப்போயிரு. நானும் சிவில்தான், சொந்த ஊரு ராமேஸ்வரம். முடிச்சுட்டு சென்னைல ஒரு கன்சல்டன்சில சேர்ந்தேன், ரூம் வாடகை மெஸ் காசு போக ஊருக்கு வர்ற பஸ்ஸுக்கு அப்பாட்ட கை நீட்டணும். அங்க இருந்தவரைக்கும் கம்பி கணக்கு மட்டும்தான் போட்டேன். இப்ப சாப்ட்வேர் டெஸ்டிங். என் வேலைல தப்பு வந்தா ஒரு பட்டன் வேலை செய்யாது, யாரு தலைலயும் எதுவும் விழாது. நிம்மதி.

சங்குமால்:
மச்சான் சம்பளத்தப் பத்தி சொல்றது நெசந்தான், மறைக்க வேண்டாம், முதல் ரெண்டு மூணு வருசம் கஷ்டம். நானும் ராமேஸ்வரம்தான், இப்ப சென்னைல ஒரு டிசைன் ஆபீஸ்ல சீனியரா இருக்கேன். தம்பி காலைல போயி என்ன செய்வீங்கன்னு கேட்டான்ல, அத மட்டும் சொல்றேன்.

ஆர்க்கிடெக்ட் பிளான் அனுப்புவாரு. கீழ கார் பார்க்கிங், மேல மூணு மாடி, ஹால்ல குறுக்க ஒரு காலம், அதான் தூணு, ஒண்ணுகூட வரக்கூடாதுன்னு எழுதியிருக்கும். மொதல்ல கம்ப்யூட்டர தொடவே மாட்டோம், பிரிண்ட் போட்டு பென்சிலோட உக்காந்து காலம் எங்கெங்க நிக்கலாம்னு பாக்கணும். மாடில வசதியா இருக்க காலம் கீழ சரியா கார் திரும்பற இடத்துல வந்து நிக்கும், அதுக்கு ஆர்க்கிடெக்ட்டோட அரை நாள் மல்லுக்கட்டணும். அப்புறம் எடை. 5 இஞ்ச் ஸ்லாப்னா ஒரு சதுர மீட்டருக்கு அதோட சொந்த எடையே 300 கிலோவுக்கு மேல. டைல்ஸ், மட்டம் போடறது எல்லாம் ஒரு 100 கிலோ சொச்சம். வீட்ல குடியிருக்க ஆளு, கட்டில், பீரோவுக்குன்னு ஐஎஸ் 875ங்கற இந்திய விதி (கோடுன்னு சொல்வோம்) குடுக்கறது 200 கிலோ. பாத்துக்கோ, குடியிருக்கவனத் தாங்கறத விட கட்டடம் தன்னைத்தானே தாங்கறதுதான் பெரிய பாடு. அது ஸ்லாப்ல இருந்து பீம், பீம்ல இருந்து காலம், காலத்துல இருந்து பூட்டிங்ங்கற அடித்தளம், அங்கிருந்து மண்ணுன்னு போயிச் சேரணும். பக்கவாட்டுல காத்தும் பூகம்பமும் தள்ளும், அதுவும் அதே வழியாத்தான் மண்ணுக்குப் போகணும்.

இதெல்லாம் முடிவு பண்ணுன பிறகுதான் ஈடாப்ஸ், ஸ்டாட் மாதிரி கட்டடக் கணக்கு சாப்ட்வேர்ல மாடல் போடறது. ரன் குடுத்தா எல்லாம் பாஸ்னு பச்சையா வந்துரும், புதுசா வர்ற பசங்க அதோட டீ குடிக்கப் போயிருவாங்க. நான் முதல்ல கேக்கறது ஒண்ணுதான், பூட்டிங்ல வந்த மொத்த எடையும் நீ கையால பேப்பர்ல போட்ட எடையும் ஏறக்குறைய ஒண்ணா வருதா? வரலேன்னா மாடல்ல எதையோ விட்டுட்ட, இல்ல ரெண்டு தடவை போட்டுட்ட. அப்புறம் மண் ரிப்போர்ட், பூட்டிங் சைஸ், கம்பி டிராயிங். பாதி நாள் போன்லயே போகும். பிளம்பர் பீம்ல ஓட்டை போடணும்பான், அங்க போடாத இங்க போடுன்னு சொல்லணும். இவ்வளவுதான். சினிமால காட்டற மாதிரி ஹெல்மெட் போட்டு பாலத்தப் பாத்து கை நீட்டறது வருசத்துக்கு ரெண்டு தடவை வந்தா அதிகம்.

கொத்தனார்_மண்டபம்:
எல்லாம் சரித்தா தாயி. நாங்க கேக்கறது, டிராயிங் அனுப்புறவுக சைட்டுக்கு ஏன் வர மாட்டேங்கிறாக? இங்கிட்டு ஒரு பீம்ல கம்பி மேல 5 கீழ 4, அதுல எக்ஸ்ட்ரா 2, கம்பியச் சுத்திக் கட்டுற ரிங்கு 4 இஞ்சுக்கு ஒண்ணு, ஜல்லி எங்கிட்டு எறங்கும்? 20 மிமீ ஜல்லி கம்பி மேலயே உக்காந்துக்கிருது, காங்கிரீட்ட குலுக்கி எறக்குற வைப்ரேட்டர் ஊசி உள்ள போகல. மேஸ்திரி என்ன செய்வான், தண்ணிய ஊத்தி எளக்குவான். ஊத்துனா தப்புன்னு எனக்கும் தெரியும். போர் தண்ணி உப்பு, லாரி தண்ணிக்கு ஓனர் மூஞ்சிய சுளிக்கிறாரு. இதையெல்லாம் டிராயிங்ல யாரும் எழுதுறதில்ல.

சங்குமால்:
அண்ணே நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. கம்பிக்கு நடுவுல ஜல்லி எறங்க எடம் இருக்கான்னு பாக்கறது எங்க வேலைதான், உங்க வேலை இல்ல. கம்பிய மொத்தமாக்கி எண்ணிக்கையக் குறைக்கலாம், பீம கொஞ்சம் அகலப்படுத்தலாம், அந்த எடத்துக்கு மட்டும் 12 மிமீ ஜல்லி கேக்கலாம். தம்பி, இத நோட் பண்ணிக்கோ. கட்ட முடியாத டிராயிங் போடறவன் டிசைனர் இல்ல. லீவுக்கு நம்ம ஊர்ல எங்கயாவது காங்கிரீட் போடறாங்கன்னா காலைல போயி ஓரமா நின்னு சாயங்காலம் வரைக்கும் பாரு, யாரும் காசு கேக்க மாட்டாங்க. மதுரைல குடுக்கற 40 ஆயிரத்த விட அது அதிகமா சொல்லிக் குடுக்கும்.

துரு:
போர் தண்ணின்னு கொத்தனார் அண்ணன் ஆரம்பிச்சதால உள்ள வர்றேன். காரைக்குடி ஆளு, ரிப்பேர் லைன்ல இருக்கேன், பழைய கட்டடம் ஏன் உதிருதுன்னு பாத்து சரி பண்றது. இதுவும் ஸ்ட்ரக்சுரல்தான், காலேஜ்ல சொல்ல மாட்டாங்க.

காங்கிரீட்டுக்குள்ள இருக்க வரைக்கும் கம்பி துருப்பிடிக்காது, ஏன்னா உள்ள காரத்தன்மை அதிகம், கம்பி மேல மெல்லிசா ஒரு படலம் பிடிச்சு காப்பாத்தும். உப்புல இருக்க குளோரைடு உள்ள எறங்கி கம்பியத் தொட்டுச்சுன்னா அந்தப் படலம் ஒடைஞ்சுரும். துரு இரும்ப விட பல மடங்கு எடம் கேக்கும், அதனால உள்ளருந்து முட்டி கம்பி நீளத்துக்கே கோடு கோடா வெடிக்கும், அப்புறம் பேர்ந்து விழும். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் இதுக்கு ரெண்டு வாசல். ஒண்ணு காத்து வெளியருந்து கொண்டு வர்ற உப்பு. இன்னொண்ணு கட்டும்போதே தண்ணிலயும் மணல்லயும் நாமளே போட்டு அனுப்பற உப்பு. ரெண்டாவதுக்கு மருந்து லேசுல கிடையாது. ஐஎஸ் 456ங்கற காங்கிரீட் விதி, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு தண்ணில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான்னு கோடு கிழிச்சிருக்கு. லாப்ல குடுத்துப் பாருங்க, நம்ம பக்கம் எத்தனை போர் அதுல தேறும்னு.

கம்பிக்கு வெளிய இருக்க காங்கிரீட் கனத்த கவர்னு சொல்வோம். அதே ஐஎஸ் 456 சொல்றது, உப்புக்காத்து நேரா படாம மறைவா இருந்தா 30 மிமீ, கடலோரமா வெளிய தெரியற காங்கிரீட்டுக்கு 45, கடல் சாரல் தெறிக்கிற எடம் 50, அலை ஏறி எறங்கற எடத்துல 75. காங்கிரீட் கிரேடும், அதான் வலிமையும், அதுக்கேத்த மாதிரி எம்25, எம்30, எம்35, எம்40னு ஏறும். நம்ம ஊர்ல ஸ்லாப்புக்கு, கம்பிய தூக்கி நிறுத்தற கவர் பிளாக்குக்கு பதிலா கீழ ஒரு ஜல்லித் துண்ட சொருகிட்டு போயிருவாங்க. ஜல்லி நகர்ந்துச்சுன்னா கவர் பூஜ்ஜியம். 15, 20 வருசத்துல வீட்டுக்காரர் எனக்கு போன் பண்ணுவாரு.

எங்க ஊர்ல சிக்ரி இருக்குல்ல, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், கடல் அரிமானத்துக்குன்னு மண்டபத்துலயே அவங்களுக்கு மையம் இருந்திருக்கு. கம்பிக்கு பூசற சிமெண்ட் பாலிமர் கோட்டிங் அவங்க கண்டுபிடிச்சது. உலகத்துல இருந்து ஆளு வந்து படிக்கிற அளவுக்கு உப்புக்காத்த வச்சிருக்கோம், நம்ம பசங்க அத சப்ஜெக்ட்டாவே எடுக்கறதில்ல, எனக்கு அதுதான் கடுப்பு.

ரயிலடி_பாம்பன்:
நான் ரயில்வேல பிரிட்ஜ் பக்கம் இருந்து ரிட்டயர் ஆனவன். துரு தம்பி சொன்னதுக்கு கண்ணு முன்னாடியே நிக்கிது சாட்சி, பாம்பன் பாலம். பழசு 1914ல தொறந்தது. நடுவுல தூக்குற பகுதிய ஷெர்சர்ங்கிற அமெரிக்கக்காரர் முறைல செஞ்சது, ஆளுக நின்னு கையால சுத்தித் தொறப்பாக. 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு, ரயில் போச்சு, பாலத்துல பெரும்பாலான கர்டரும், அதான் இரும்பு உத்தரமும், கடலுக்குள்ள போச்சு, அந்தத் தூக்குப் பகுதி மட்டும் தப்பிச்சு நின்டுச்சு. திரும்ப நிமித்துனது ஸ்ரீதரன் சார் தலைமைல, 46 நாள்ல. அப்ப அவருக்கு முப்பத்து ரெண்டு வயசு. பின்னாடி கொங்கண் ரயில்வே, டெல்லி மெட்ரோன்னு பேரெடுத்தாருல்ல, அவரேதான்.

இப்ப கேளு. கட்டுறது நாலஞ்சு வருசம், அதக் காப்பாத்துறது நூறு வருசம். சுரண்டுறது, பெயிண்ட் அடிக்கிறது, ரிவெட் தட்டிப் பாக்கிறது, துருப்பிடிச்ச தகட்ட மாத்துறது. காத்து 58 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போச்சுன்னா சிக்னல் விழாது, வண்டி நின்டுரும். இதுவும் இன்ஜினியர் முடிவு பண்ணுன நம்பருதான். 2022 கடைசில பழைய பாலத்துல வண்டிய நிப்பாட்டிட்டாக. புதுசு 2025 ஏப்ரல்ல தொறந்தாக, 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே லிப்ட் மாதிரி நேர் செங்குத்தா 17 மீட்டர் மேல போகும். காங்கிரீட்டுக்குள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்காக, வெளிய பாலிசிலாக்சேன் பெயிண்ட். காசு பூராம் உப்புக்காகத்தான் செலவழிச்சிருக்காகன்னு நான் சொல்லுவேன்.

பாலம் டிசைனுக்கு தனி விதி, தனி ஆபீஸ், தனி ஆளுக. ஒருத்தர் டிசைன் பண்ணுனா வேற ஒரு எடத்துல, அனேகமா ஐஐடி மாதிரி எடத்துல, முதல்ல இருந்து திரும்பக் கணக்குப் போட்டுப் பாப்பாக. புரூப் செக்கிங்னு பேரு. அதுலயும் வேலை இருக்கு தம்பி.

தேவிபட்டினம்_பையன்:
அய்யா நான் சின்னப்புள்ளல இருந்து அந்தப் பாலத்துல எத்தனையோ தடவை போயிருக்கேன், 58ங்கறது இப்பதான் தெரியும். துரு அண்ணே, உங்க லைனுக்கு எம்இ வேணுமா? தம்மாம் பத்தியும் யாராவது சொல்லுங்க, மாமா தினமும் வாட்ஸ்அப்ல கேக்கறாரு.

கீழக்கரை_நானா:
தம்மாமுக்கு நான் சொல்றேன் தம்பி, அந்தப் பக்கம்தான் இருக்கேன். உங்க மாமா தப்பா சொல்லல, ஆனா அவர் சொல்றது சைட் இன்ஜினியர் வேலை. டிசைன் வேற. சைட்ல டிராயிங் படி கம்பி கட்டியிருக்கான்னு பாப்பே, ரெடிமிக்ஸ் லாரி வந்தா சூடு பாப்பே, ஸ்லம்ப்னு எளக்கம் பாப்பே, வலிமை சோதிக்க கியூப் எடுப்பே, இன்ஸ்பெக்ஷன் பேப்பர்ல கையெழுத்து வாங்க கன்சல்டன்ட் பின்னாடி ஓடுவே. வெயில் காலத்துல ராத்திரிதான் காங்கிரீட் போடறது, ஐஸ் கலந்து வரும். காசு நல்லா வரும். ஆனா பத்து வருசம் அப்படியே ஓடிரும், அப்புறம் டிசைனுக்குத் திரும்பணும்னா எவனும் எடுக்க மாட்டான். நம்மூர் பசங்க ரொம்பப் பேரு அப்படி மாட்டியிருக்காங்க, வீடு கட்டியாச்சு தங்கச்சி கல்யாணம் முடிச்சாச்சு ஆனா வேலைல அதே எடம்.

டிசைன்தான் புடிக்குதுன்னா முதல்ல இந்தியால மூணு நாலு வருசம் டிசைன் ஆபீஸ்ல உக்காந்துட்டு வாங்க. இங்க அமெரிக்கன் கோடு ஏசிஐ 318, சவுதிக்குன்னு தனி கோடு, ஐஎஸ் 456 தெரிஞ்சவன் ரெண்டு மாசத்துல புடிச்சுருவான். இக்காமால, அதான் சவுதில தங்கற பெர்மிட்ல, இன்ஜினியர்னு போடணும்னா சவுதி கவுன்சில் ஆஃப் இன்ஜினியர்ஸ்ல பதியணும், சர்டிபிகேட் எல்லாம் சரிபார்ப்பாங்க. குவைத்துல 2018ல என்பிஏங்கற இந்தியத் தர வாரியத்தோட அங்கீகாரம் இல்லாத காலேஜ் பசங்க பாதிப் பேரு இன்ஜினியர்ங்கிற பேரையே இழந்துட்டு உக்காந்திருந்தாங்க. உங்க காலேஜுக்கு, அதுவும் உங்க சிவில் டிபார்ட்மெண்டுக்கு என்பிஏ இருக்கான்னு இன்னைக்கே ஆபீஸ்ல கேளுங்க.

துரு:
எம்இ கேட்டேல்ல. ரிப்பேர் லைனுக்கு கட்டாயம்லாம் இல்ல, ஆனா டிசைன் ஆபீஸ்ல எம்இ ஸ்ட்ரக்சுரல்னா பயோடேட்டாவ மேல வைப்பாங்க. கேட் நுழைவுத் தேர்வு எழுது, ஸ்கோர் நல்லா வந்தா ஐஐடி, என்ஐடி திருச்சி, மாசாமாசம் உதவித்தொகையோட படிக்கலாம். இல்லேன்னா கிண்டி, மதுரை, காரைக்குடி எங்கயும் எம்இ இருக்கு. ஆராய்ச்சி ஆசை இருந்தா சென்னை தரமணில எஸ்இஆர்சிங்கற கட்டமைப்பு ஆராய்ச்சி மையம், காத்துச் சுரங்கம் வச்சு கட்டடத்துல காத்து எப்படி மோதுதுன்னு பாக்கறாங்க, மின்சார டவர முழுசா நிக்க வச்சு இழுத்து ஒடைச்சு டெஸ்ட் பண்றாங்க. காசு கட்டி சும்மா ஒரு எம்இ சர்டிபிகேட் வாங்கறதுக்கு பதில் அந்த ரெண்டு வருசம் வேலைக்குப் போ.

சர்க்கார்_சிவில்:
அம்மா சொன்ன லைனுக்கு நான். டிஎன்பிஎஸ்சில பொதுப்பணி, நெடுஞ்சாலைன்னு ஏஇ (உதவிப் பொறியாளர்) போஸ்ட், எஸ்எஸ்சி ஜேஇ (இளநிலைப் பொறியாளர்), ரயில்வே ஜேஇ, மேல யுபிஎஸ்சி இன்ஜினியரிங் சர்வீஸ். பரிட்சைல ஸ்ட்ரக்சுரல் நெறைய வரும், வேலைல கம்மியாத்தான் வரும். எஸ்டிமேட், டெண்டர், எம்புக்குங்கற அளவுப் புத்தகம், பில்லு, இதுதான் நாள் பூரா. நெடுஞ்சாலைல டிசைன் விங் தனியா இருக்கு, கேட்டு வாங்கிப் போகணும். குறை சொல்லல, ஊர்ல இருக்கேன், சாயங்காலம் பிள்ளையோட கடற்கரைக்குப் போறேன்.

ஐடிமச்சான்:
எல்லாரும் நல்லா பேசறீங்க. கையெழுத்துப் போட்டா ஜெயிலுக்குப் போறது யாரு, அதையும் சொல்லுங்க.

சங்குமால்:
சொல்றேன். 2014 ஜூன்ல மவுலிவாக்கத்துல 11 மாடி கட்டிக்கிட்டு இருக்கும்போதே மொத்தமா உக்காந்துச்சு, 61 பேர் செத்தாங்க. கைதானவங்கள்ல இன்ஜினியருங்களும் உண்டு. பக்கத்துல நின்ன இன்னொரு டவரையும் 2016ல வெடி வச்சு எறக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 2019ல வந்த தமிழ்நாடு கட்டட விதில ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனியா பதிவு பண்ணியிருக்கணும், பெரிய கட்டடத்துக்கு அவர் கையெழுத்து இல்லாம அனுமதி நகராதுன்னு ஆச்சு. படிச்சு வந்த உடனே அந்தப் பதிவு கிடைக்காது, அனுபவம் கேப்பாங்க. நான் இதக் கெட்ட செய்தியா பாக்கல மச்சான். பதிவு பண்ணி கையெழுத்து சீல் வச்சிருக்க ஆளுக்குத்தான் பேரம் பேசற சக்தி வரும். ஆனா ஒண்ணு, தான் போடாத டிசைனுக்கு சீல் மட்டும் வாடகைக்கு விடற கூட்டமும் ஊருக்கு ஊரு இருக்கு, ஒரு பிளானுக்கு இவ்வளவுன்னு ரேட். தம்பி அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காத.

வேற வழியும் நெறைய இருக்கு, வேகமா சொல்லிர்றேன். அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஸ்டீல் டிராயிங் போடற ஆபீஸ் சென்னை, கோயம்புத்தூர்ல உண்டு, டெக்லாங்கற சாப்ட்வேர் தெரியணும். பேக்டரி ஷெட், பிரீகாஸ்ட், டிரான்ஸ்மிஷன் டவர். நம்ம கமுதி சோலாரையே எடுத்துக்கோ, 648 மெகாவாட். பேனல் எடையே இல்லாத பொருளு, அங்க பிரச்சனை கீழ எறங்கற எடை இல்ல, காத்து அடியில புகுந்து மேல தூக்கறது. அதனால நட்ட போஸ்ட்ட ஜாக்கி வச்சு மேல இழுத்து எவ்வளவுக்கு பிடுங்கிக்குதுன்னு டெஸ்ட் பண்ணுவாங்க. அந்த மெல்லிசு கம்பத்த டிசைன் பண்றவனும் ஸ்ட்ரக்சுரல்தான்.

சாப்ட்வேர் கோர்ஸ் இப்ப வேணாம். ஸ்டூடண்ட் வெர்ஷன் எறக்கி நீயே பழகு, முதல்ல ஒரு சிம்பிள் பீமுக்கு கையால பெண்டிங் மொமெண்ட், அதான் பீம் எவ்வளவு வளைக்கப்படுதுங்கற கணக்கு, போட்டுட்டு அது சாப்ட்வேர்ல வருதான்னு பாரு. இன்டர்வியூல நான் ஈடாப்ஸ் பத்திக் கேக்க மாட்டேன். ஒரு பால்கனி படம் வரைஞ்சு கம்பி மேலயா கீழயான்னுதான் கேப்பேன், பாதிப் பேரு கீழங்கறாங்க.

கொத்தனார்_மண்டபம்:
மேல. அதத்தான் சித்தாளுக நடந்து நடந்து மிதிச்சு கீழ கொண்டு போயிருவாக, நான் கத்திக்கிட்டே இருப்பேன்.

ஐடிமச்சான்:
சரி சரி. கேக்கவா வேணாமான்னு பாத்தேன், கேட்டுர்றேன். ராமேஸ்வரத்துல எங்க அப்பா கட்டுன வீடு, 25 வருசம் இருக்கும், கடல்ல இருந்து கூப்பிடு தூரம். மாடி ரூம்ல சீலிங் ஒரு எடத்துல பேர்ந்து கம்பி தெரியுது, செதில் செதிலா வருது. பூசி பெயிண்ட் அடிச்சா போதும்ங்கறாரு கான்ட்ராக்டர். சரியா?

துரு:
ஹா ஹா வாங்க மச்சான், நிம்மதியா இருக்கேன்னீங்க. பூசறது வேணாம். அந்தத் துண்டு மட்டும் புதுசா நல்லா இருக்கும், அதுக்குப் பக்கத்துல ஏற்கனவே உப்பு எறங்குன எடம் இன்னும் வேகமா துருப்பிடிக்கும், ரெண்டு வருசத்துல சுத்தி வட்டமா பேரும். முதல்ல ஒரு சின்ன சுத்தியல வச்சு சீலிங் பூரா தட்டிப் பாருங்க, பொத்பொத்துன்னு சத்தம் வர்ற எடத்தையெல்லாம் சாக்பீஸ்ல வட்டம் போட்டு போட்டோ அனுப்புங்க. நான் வந்தா ஹாப் செல்னு கம்பியோட மின்னழுத்தத்த அளக்கற ஒரு டெஸ்ட் வைப்பேன், மைனஸ் 350 மில்லிவோல்ட்டுக்கும் கீழ போச்சுன்னா உள்ள கம்பி துருப்பிடிச்சுக்கிட்டு இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு எடத்துல தூள் எடுத்து குளோரைடு பாக்கணும். கெட்டத எல்லாம் கம்பிக்குப் பின்னாடி வரைக்கும் கொத்தி எடுத்து, துருவ சுத்தம் பண்ணி, கம்பி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு அளந்து, ரொம்ப மெலிஞ்சிருந்தா பக்கத்துல புதுக் கம்பி சேர்த்து, ஜிங்க் பிரைமர் அடிச்சு, அப்புறம்தான் பாலிமர் மார்ட்டரோ மைக்ரோ காங்கிரீட்டோ. கொத்தும்போது கீழ ஜாக்கி முட்டுக் குடுக்காம எவனையும் சுத்தியல் எடுக்க விடாதீங்க. அதுவரைக்கும் அந்த ரூம்ல யாரும் படுக்க வேணாம், மாடில தண்ணி டேங்க் அந்த ஸ்லாப் மேலயே இருந்தா காலி பண்ணிருங்க.

ஐடிமச்சான்:
டேங்க் அது மேலதான் இருக்கு. 1000 லிட்டர்.

துரு:
அப்ப இன்னைக்கே காலி பண்ணுங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. அப்பாட்ட போன் பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை நானே வர்றேன்.

தேவிபட்டினம்_பையன்:
துரு அண்ணே நானும் வரலாமா? சும்மா பக்கத்துல நின்னு பாக்கறேன், எதுவும் தொட மாட்டேன்.

துரு:
தொடாம எப்படி. ஷூ போட்டுட்டு வா, நோட்டு கொண்டு வா, ரீடிங் நீதான் எழுதணும்.

கொத்தனார்_மண்டபம்:
முட்டுக்கு ஜாக்கி எங்கிட்ட இருக்கு, டாட்டா ஏஸ்ல ஏத்திக்கிட்டு வந்துர்றேன். வாடகைய ஐடிக்காரவுக குடுத்துருவாகல்ல?

ஐடிமச்சான்:
குடுத்துர்றேண்ணே.